அது யானையின் துதிக்கை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் நடுப்பக்கத்தில் வந்த ‘மயன் கட்டிய யானைமுக மாளிகை’ என்ற கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கடல் கடந்து போன நம் சிற்பி ஒருவர்தான் மெக்சிகோவின் மாயா மக்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார் என்றும், சுவரில் இருப்பவை யானை முகங்கள் என்றும் அது சொல்கிறது. கடிதம் நீண்டுதான் போகும். முழுவதும் போட இடமில்லை என்றால் இரண்டு திருத்தங்களையாவது வெளியிடுங்கள். படத்தின் கீழே ‘சிச்சென் இட்சா’ என்று அச்சாகியிருக்கிறது. அந்த இடம் சிச்சென் இட்சா அல்ல. அதே மெக்சிகோவின் யுகட்டான் மாநிலத்தில் தெற்கே உள்ள கபா என்ற பழைய மாயா நகரம். கட்டடத்தின் பெயர் கோட்ஸ் போப். அடுத்தது, அந்தச் சுவரில் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பவை யானைத் துதிக்கைகள் அல்ல. அவை மூக்குகள்.

அந்தச் சுவருக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். என் மகள் கடல் உயிரின ஆராய்ச்சிக்காக மெரிடா நகரில் மூன்று ஆண்டுகள் இருந்தாள். 2018 பிப்ரவரியில் நாற்பது நாள் அவளோடு தங்கினேன். முப்பத்தொரு ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். என் தந்தையார் சுதை வேலைக்காரர்; கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோபுரங்களின் திருப்பணிகளில் சாரத்தின் மேலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். சிறுமியாக இருந்தபோது கடுக்காய் ஊறிய தண்ணீரைக் குடத்தில் எடுத்துக் கொடுத்ததும், காய்ந்த சுண்ணாம்பு விரலிடுக்கில் எரிந்ததும் இன்னும் நினைவிருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் ஓர் உருவத்தைப் பார்த்தால் அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கபாவில் அந்தச் சுவரைப் பார்த்த முதல் கணத்தில் எனக்கும் யாளிதான் தோன்றியது. ஏறத்தாழ 45 மீட்டர் நீளம். அடியிலிருந்து மேல்வரை ஒரு சாண் வெற்றிடம் இல்லாமல் முகங்கள். 250க்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். ஒன்றின் காதணி முடியுமிடத்தில் பக்கத்து முகத்தின் காதணி தொடங்குகிறது. நம் மண்டபத் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வளைந்து நீளும் எதுவும் துதிக்கையாகத்தான் தெரியும். ஆகவே கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முதல் கணத்தோடு நின்றுவிடக் கூடாது. நான் அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். வரைய உட்கார்ந்தால்தான் கண் திறக்கும்.

ஒரே ஒரு முகத்தை எடுத்துக்கொண்டேன். அது ஒரே கல்லில் செதுக்கியது அல்ல. புருவம் தனிக் கல். கண் தனிக் கல். கன்னம், பல்வரிசை, வாயோரத்துச் சுருள், இரு பக்கமும் சதுரமான காதணிகள் எல்லாம் தனித்தனி. நடுவில் மூக்கு, அதுவும் தனியாகச் செய்து, பின்பக்கத்து நீண்ட வாலைச் சுவருக்குள் செருகி நிறுத்தியது. அந்த வட்டாரத்துச் சுவர்களின் உட்பகுதி சுண்ணாம்புச் சாந்தும் கல்லும் கலந்து இறுகிய திண்மம். வெளியே தெரிவது மெல்லிய போர்வைக் கல். எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் திண்மம். மூக்குக் கல்லின் வால் அந்தச் சாந்துக்குள் புதைந்திருப்பதால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சில மூக்குகளாவது தங்கியிருக்கின்றன. பெரும்பாலானவை உடைந்துபோய்விட்டன. உங்கள் படத்தில் இருப்பது மீதமிருக்கும் சிலவற்றில் ஒன்று.

இந்த மூக்குக்குக் கீழே திறந்த வாய் இருக்கிறது. அதில் பற்கள் இருக்கின்றன. தந்தம் இல்லை. முறம் போன்ற காது இல்லை. இருப்பது மனிதர்கள் அணியும் வட்டத் தோட்டின் சதுர வடிவம். துதிக்கை முனையில் இரண்டு துளைகள் இல்லை. என் தந்தை யானை செய்யும்போது அந்தத் துளைகளை ஒருபோதும் விடமாட்டார். அது இல்லாவிட்டால் யானை மூச்சுவிடாது என்பார். யானையை நேரில் பார்த்த எந்தக் கைக்காரனும் காதையும் தந்தத்தையும் துளையையும் ஒருசேர மறக்க முடியாது.

இந்த முகத்துக்கு அந்த மண்ணிலேயே நீண்ட பரம்பரை இருக்கிறது. இன்றைய பெலிசில் உள்ள செரோஸ் என்ற ஊரில், கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே படிக்கட்டின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேலான சுதை முகங்களைச் செய்திருக்கிறார்கள். கபா முகங்களோ ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இடைப்பட்ட காலத்தில் ஊருக்கு ஊர் அந்த முகம் மாறி மாறி வளர்வதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. ஊர்வனவற்றின் நீண்ட மேல்மூஞ்சிதான் போகப் போக நீண்டு சுருண்டது. எந்தக் கப்பலும் வந்து இறக்கிப் போனதல்ல.

முகம் யாருடையது என்பதில் இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. மழைத் தெய்வமான ச்சாக் என்பது நெடுநாள் வழக்கு. ‘விட்ஸ்’, அதாவது மலை என்று பொருள்படும் மாயா எழுத்தை டேவிட் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் 1987இல் படித்துக் காட்டினார். அதன் பிறகு ஹொண்டுராசில் உள்ள மாயா நகரமான கோபானின் 22ஆம் கட்டட மூலைகளில் இருக்கும் முகங்கள் உயிருள்ள மலையின் முகங்கள் என்று அறிந்துகொண்டார்கள். யுகட்டானில் உள்ளவையும் அவ்வாறே என்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று தூரமாகத் தெரியவில்லை. அந்த வட்டாரத்துக்குப் பூக் என்று பெயர். குன்றுத் தொடர் என்று பொருள். அங்கே ஆறு இல்லை. யுகட்டானின் மற்ற பகுதிகளில் காணும் இயற்கைக் கிணறுகளும் இல்லை. முற்றத்துத் தரையை வாட்டமாகப் பூசி, மழை நீரைக் குடுவை வடிவ நிலத்தடித் தொட்டியில் இறக்கி, அதைக் குடித்து வாழ்ந்த நகரங்கள் அவை. மேகம் வராத ஆண்டில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பாருங்கள். ஒரே முகம் ஏன் அத்தனை முறை வந்தது என்று மனம் தானே சொல்லும்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர், பக்கத்து மாயா நகரமான உஷ்மலுக்கும் கபாவுக்கும் இடையில் உள்ள சாந்தா எலேனா என்ற சிற்றூர்க்காரர். அறுபது வயதிருக்கும். வீட்டில் பேசுவது மாயா மொழி. மகளிடம் ஸ்பானிஷில் சொல்வார், அவள் எனக்குத் தமிழில் சொல்வாள். மழைக்கு அவர்கள் மொழியில் இன்றும் ச்சாக் என்றுதான் சொல்கிறார்களாம். வானம் பொய்த்தால் ஊர்கூடி மழை வேண்டிப் படையல் வைப்பார்கள். பந்தலின் நான்கு கால்களிலும் நான்கு சிறுவர்களை உட்காரவைத்துத் தவளைபோலக் கத்தச் சொல்வார்கள். சிறுவயதில் தானும் அப்படிக் கத்தியிருப்பதாகச் சொல்லி, அந்த இடத்திலேயே ஒருமுறை கத்திக் காட்டினார்.

ஆசிரியர் அவர்களே, நம் ஊரிலும் மழைக்காகத் தவளைக்குத் திருமணம் செய்கிறோம். இதைக் கேட்டதும், ‘பார்த்தீர்களா, நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் மழைக்கு முன் தவளை கத்துவது எந்த நாட்டில் இல்லை? மழையை நம்பி வாழ்பவனுக்குத் தவளையே சொல்லிக்கொடுக்கும். வேறு ஆசான் தேவையில்லை.

சுண்ணாம்பும் அப்படித்தான். நாம் கடுக்காயும் வெல்லமும் சேர்க்கிறோம். யுகட்டானில் சுக்கும் என்ற மரத்தின் பட்டையை ஊறவைத்த நீரைச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. கடுக்காயிலும் துவர்ப்பு, அந்தப் பட்டையிலும் துவர்ப்பு. கோபானின் பழைய சுதையை ஆராய்ந்து, அதில் மரப்பட்டைச் சாறு கலந்ததன் அடையாளத்தை 2023இல் அறிவித்திருக்கிறார்கள். சுண்ணாம்பைக் கையால் பிசைந்து பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. சுண்ணாம்பு எங்கும் ஒரே சுண்ணாம்பு. தலைமுறை தலைமுறையாக அதோடு மல்லுக்கட்டுபவர்கள் ஒரே மாதிரி விடைக்கு வந்து சேருவார்கள். கலவை ஒன்றுபோல இருந்தது என்பதற்காகக் கொத்தனார்களை உறவாக்க முடியாது.

இந்த யானைக் கதை புதிதும் அல்ல, நம் ஊரில் மட்டும் பிறந்ததும் அல்ல. 1830களில் வால்டெக் என்ற ஓவியர் மாயா நகரங்களை வரையப் போனார். பலெங்கேயில் இல்லாத யானைத் தலைகளைத் தம் படங்களில் சேர்த்துவிட்டார். அவருக்குப் பின் எலியட் ஸ்மித் என்ற, ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய உடற்கூற்றறிஞர், கோபானில் 731ஆம் ஆண்டு நட்ட ஒரு கல்லில் இந்திய யானையும் பாகனும் இருப்பதாகச் சொல்லி 1924இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் யானை என்றது பஞ்சவர்ணக் கிளியின் அலகு. அமெரிக்காவில் யானை இனங்கள் அழிந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஆனால் 1839 முதல் 1842 வரை இரண்டு முறை அந்தக் காடுகளில் அலைந்த ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கர், கேதர்வுட் என்ற ஓவியரோடு கோபான், பலெங்கே, உஷ்மல், கபா எல்லாம் பார்த்துவிட்டு வேறொரு முடிவுக்கு வந்தார். எகிப்தியரும் இந்தியரும் வர வேண்டியதில்லை, இங்கே வாழும் மக்களின் முன்னோர்களே கட்டியவர்கள் என்று அன்றைக்கே அச்சில் சொன்னார். அவரும் ஒரு தவறு செய்தார்: உஷ்மலிலும் கபாவிலும் வாசல்களின் மேலிருந்த மர உத்தரங்களைக் கழற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார், 1842இல் அங்கே ஏற்பட்ட தீயில் எரிந்துபோயின. அவை என்ன மரம் தெரியுமா? சப்போட்டா. நம் கொல்லைப்புறத்தில் நிற்கும் அதே சப்போட்டாதான். அது அந்த நாட்டு மரம். பெயரும் அங்கிருந்துதான் நம்மிடம் வந்தது. இரு நாடுகளுக்கும் உறவு தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு மரம் போதும். அது உண்மையான உறவு.

உஷ்மலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கபாவிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஆளுநர் மாளிகை என்று ஸ்பானியர் பெயரிட்ட கட்டடம் ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம். கீழ்ப்பாதிச் சுவரில் எதுவும் இல்லை; வழவழப்பான கல், இடையிடையே இருண்ட வாசல்கள், அவ்வளவுதான். மேல்பாதியில்தான் சிற்பம் முழுவதும். சுமார் 20,000 செதுக்கிய கற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கீழே வெறுமையாக விட்டதால்தான் மேலே உள்ளது மிதக்கிறது. கபாவில் மூச்சுத் திணறியது. இங்கே மூச்சு வாங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உஷ்மல்தான் பிடித்தது. முகங்களின் கீழிமையில் வெள்ளிக் கோளின் குறியைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் எளிதில் தெரியாது, மகளின் கேமராவில் பெரிதாக்கித்தான் பார்த்தேன். கட்டிய காலம் 900ஐ ஒட்டியது. நம் முதலாம் பராந்தகன் பட்டத்துக்கு வரவிருந்த காலம்.

அடுத்ததாகக் கன்னிமாடம் என்று பெயர் பெற்ற நான்கு கட்டட முற்றம். இதுவும் ஸ்பானியர் வைத்த பெயர்; கன்னியர் யாரும் அங்கே வாழவில்லை. அதன் தெற்குக் கட்டடத்தின் வாசல்களுக்கு மேலே கல்லில் ஒவ்வொரு சிறு குடிசை செதுக்கியிருக்கிறது. கூரை வேய்ந்த குடிசை, நடுவே ஒரு வாசல். நான் அதை வரைந்துகொண்டிருந்தபோது வழிகாட்டிப் பெரியவர் எட்டிப் பார்த்து, “என் வீடு” என்றார். மாலையில் சாந்தா எலேனாவில் அவர் வீட்டுக்கே அழைத்துப் போனார். அதே வீடு. இரு முனையும் வளைந்த சுவர், கம்புகளை நெருக்கமாக நட்டுக் கட்டியது, மேலே ஓலைக் கூரை, நடுவே வாசல். திண்ணை கிடையாது. உள்ளே ஊஞ்சல் படுக்கை. அவர் மனைவி சோள அடையோடு கருப்பு அவரைக் குழம்பு கொடுத்தார்.

அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் முகப்புகள் எனக்குப் புரிந்தன. உஷ்மலில் ஆமை வீடு என்ற சிறிய கட்டடத்தில் மேல்சுவர் முழுவதும் நெருக்கமாக நிற்கும் சிறுசிறு கல் உருளைகள். அவை குடிசைச் சுவரின் கம்புகள். கட்டடங்களைச் சுற்றி ஓடும் இடுப்புப் பட்டை போன்ற கல் விளிம்பு, கம்புகளை இறுக்கிக் கட்டும் கயிறு. ஸ்பானிஷிலும் அதற்குக் ‘கட்டு’ என்றுதான் பெயர். பரப்பை நிரப்பும் குறுக்கு நெடுக்குக் கல் பின்னல் பாயை நினைவூட்டுகிறது. கோட்ஸ் போப் என்பதற்கே சுருட்டிய பாய் என்று பொருள். சுருண்ட மூக்குகளைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம். அந்தக் கட்டடத்தின் உள் அறைக்கு ஏறும் படியே ஒரு முகத்தின் சுருண்ட மூக்குதான்! அரசனுடைய மாளிகையைக் கட்டும்போது தங்கள் ஏழைக் குடிசையின் கம்பையும் கயிற்றையும் கூரையையும் கல்லில் எடுத்து வைத்திருக்கிறார்கள். நம் கோயில்களின் கொடுங்கையும் கூரை வீட்டின் இறவாரத்திலிருந்து வந்ததுதான் என்று என் தந்தை காட்டுவார். கூரை வீட்டில் பிறந்தவர்கள் இங்கும் இருந்தார்கள், அங்கும் இருந்தார்கள்.

கட்டுரையாளர் எழுதியதுபோல நம் சிற்பி ஒருவர் கடல் கடந்து போய் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்திருந்தால், முதலில் கொடுத்திருப்பது இரும்பு உளியாகத்தான் இருக்கும். உஷ்மலில் இரும்பு இல்லை. வண்டி இழுக்க மாடு இல்லை. அத்தனை கல்லையும் கல்லாலேயே, சிக்கிமுக்கிக் கல் போன்ற கடினக் கல்லாலேயே, செதுக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு செய்தியை எழுதியிருந்தால் உங்கள் வாசகர்கள் வாய்பிளந்து படித்திருப்பார்கள். எந்த மயனும் வேண்டியிருந்திருக்காது.

மயன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சிலப்பதிகாரத்திலேயே அவன் பெயர் வருகிறது. என் தந்தை அவனை நினைத்துக்கொண்டுதான் காலையில் கரணையைத் தொடுவார். ஆனால் மாயா என்ற பெயரில் மயனின் ஒலி இருப்பது மட்டுமே சான்றாகிவிடாது. அந்தப் பெயர் யுகட்டான் பகுதிக்கும் அதன் மொழிக்கும் உரியது. தெற்கே கோபான் வரை வாழ்ந்த எல்லாருக்கும் சேர்த்து அதைச் சூட்டியவர்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள்.

திரும்புவதற்கு முந்தின வாரம், யுகட்டானிலேயே உள்ள இன்னொரு மாயா நகரமான எக் பலாம் போனோம். அங்கே முகப்பு கல் அல்ல, சுதை. உகிட் கான் லெக் தோக் என்ற அரசனைப் புதைத்த அறையின் வெளிச்சுவர் ஒரு பெரிய விலங்கின் திறந்த வாய். கீழ்ப்பல் வரிசை தரையிலிருந்து எழுந்து நிற்கிறது. மேலே இறக்கை போன்ற அணிகளோடு மனித உருவங்கள். ஒருவர் இடுப்பில் கட்டிய ஆடையின் மடிப்பு வரை அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்திலேயே கல்லும் தூளும் கொண்டு மூடிப் பாதுகாத்ததால் தப்பியது. கோபானில் ரோசலிலா என்ற கோயிலையும் இப்படித்தான் வெள்ளைச் சாந்து பூசி முழுசாக மூடி அதன் மேல் பெரிய கோயிலைக் கட்டினார்கள். 1989இல் ரிகார்தோ அகூர்சியா கண்டெடுத்தபோது சிவப்பு வண்ணம் சுவரிலேயே இருந்தது. எக் பலாமில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஓர் உருவத்தின் தோளைப் பார்த்தேன். ஈரம் காயுமுன் கட்டைவிரலால் இழுத்து மழுப்பிய வளைவு. என் தந்தை தோளை அப்படித்தான் முடிப்பார். அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அழுதுவிட்டேன். அந்தத் தோளைச் செய்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. என் தந்தை பெயரும் எந்தக் கோபுரத்திலும் இல்லை. அவர் செய்த கோபுரத்தை நாளை யாரோ ஒருவர் வெளிநாட்டுக்காரன் செய்தது என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? உங்கள் ஞாயிறு இணைப்பைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தவர் அந்தச் சாந்தா எலேனா பெரியவர்தான். அவரைப்போல அந்த மொழியைப் பேசுகிறவர்கள் இன்றும் மெக்சிகோவில் 7 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். ‘மறைந்துபோன மர்ம இனம்’ என்று கட்டுரை சொல்லும் மக்கள் எனக்குச் சோள அடை சுட்டுக் கொடுத்தவர்கள்.

அவர்களிடமிருந்து ஏற்கெனவே பலர் பலவற்றை எடுத்துவிட்டார்கள். 1968இல் மெக்சிகோவின் கம்பெச்சே மாநிலக் காட்டில் பிளாசெரெஸ் என்ற இடத்தில் ஒரு கோயிலின் சுதை முகப்பு முழுவதையும் துண்டு துண்டாக அறுத்து விமானத்தில் ஏற்றி நியூயார்க்கில் விற்கப் பார்த்தார்கள். அது மெக்சிகோவுக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது தலைநகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலை திருட்டு என்றால் என்னவென்று நம் தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இத்தனை அவசரமாக எழுதுவதற்குக் காரணம் எதிர்வீட்டுப் பையன். ஒன்பதாம் வகுப்பு. உங்கள் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, “பாட்டி, பள்ளிக் கண்காட்சிக்கு இந்த யானை மாளிகையைப் பெரிசா வரைஞ்சு தாங்க” என்றான். கபாவில் வரைந்த நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு கல்லாகக் காட்டினேன். கடைசியில் மூக்கை அவனே களிமண்ணில் செய்து, பின்னால் வால் வைத்துச் செருகிப் பார்த்தான்; முதல் தடவை விழுந்துவிட்டது, வாலை நீளமாக்கினான், நின்றது. கண்காட்சி வரும் வெள்ளிக்கிழமை. ஆனால், “பேப்பர்லயே யானைன்னு போட்டிருக்கே, சார் கேட்டா என்ன சொல்றது?” என்கிறான்.

ஆகவே வியாழக்கிழமைக்குள் அந்தப் படத்தை மறுபடி வெளியிட்டு, கீழே இப்படிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: ‘கபா, யுகட்டான், மெக்சிகோ. கோட்ஸ் போப் மாளிகையின் முகப்பு. கட்டியவர்கள் மாயா மக்கள்.’ என் நோட்டிலிருந்து நான்கு பக்கங்களின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்.